கரியும் திசையும்



கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளிக்கு அண்மையில் பாரூர் என்றோர் ஊர் உண்டு. தென்பெண்ணையாற்றின் நீரை நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே பெற்று நிரம்பும் பெரிய ஏரியால் பெயர் பெற்றது அவ்வூர். நெல்லும் தென்னையும் மாந்தோப்பும் சூழ்ந்த அந்த ஏரிக்கரையில் நிற்பவர்க்கு, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகத் தொலைவானதாகத் தோன்றக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத கரிக்குழாய்களைப் பிளாஸ்டிக் போன்ற பொருள்களுக்குள் ஒரே திசையில் அமைத்து, அவற்றை வலிமையுறச் செய்யும் முயற்சியின் வரலாறே அப்பொருள்.

ஆனால் பாரூரிலிருந்து புறப்பட்டுக் கிருஷ்ணகிரியைக் கடந்து, கன்னட நாட்டு எல்லையை ஒட்டிய ஓசூர் வரை சென்று பாருங்கள். 1980 முதல் அங்கே லாரிகளும் மொபெட்டுகளும் செய்யப்பட்டன. 1987 முதல் கைக்கடிகாரங்களும் அங்கிருந்து வெளிவந்தன. இத்தகைய பொறிகளைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வகைப் பொருள்கள் மிகுதியாக அகப்படும். ஒன்று, இரும்பில் கரி சேர்ந்த உருக்கு. மற்றொன்று, பாலிமர் என வழங்கும் பல்லுறுப்பி. அதாவது ரப்பர், பிளாஸ்டிக், செயற்கைப் பிசின் முதலியன. இவ்விரண்டிற்கும் உரம் ஊட்டுவது கரியே என்பதை மாணவர் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

முதலில் இரும்பைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஏனெனில் அண்மைக் காலத்தில் இவ்விரு கதைகளையும் ஒன்றாகப் பிணைத்துப் பேசும் வழக்கம் தோன்றியிருக்கிறது. "நானோ நுட்பத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர்; அவர்கள் செய்த உருக்கில் கரி நுண்குழாய்கள் இருந்தன" என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். அது எத்துணை உண்மை? இவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2021இல் அகழாய்வு நடத்தியது. அங்கே இரும்பு வழங்கிய காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என 2022இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 4,200 ஆண்டுத் தொன்மை! அதற்கு மிகவும் பிற்பட்ட காலத்தில், தென்னாட்டுக் கொல்லர் மண்குகையில் உருக்கிய எஃகு கடல் கடந்தும் புகழ் பெற்றது. கன்னடத்தார் அதனை 'உக்கு' என்பர். தமிழர் 'உருக்கு' என்போம். கன்னடச் சொல்லே ஆங்கிலேயர் நாவில் 'ஊட்ஸ்' எனத் திரிந்தது என்பர் மொழியறிஞர் பலர். ஓசூர்ப் பக்கத்தில் இரு சொல்லும் ஒரே கடைத்தெருவில் இன்றும் வழங்குகின்றன.

அந்த உருக்கு எவ்வாறு செய்யப்பட்டது? சேலம் மாவட்டத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் அதனை எழுதி வைத்துள்ளார். (பாரூரும் ஓசூரும் 1965 வரை சேலம் மாவட்டத்தையே சேர்ந்திருந்தன.) சிறு சிறு துண்டுகளாக வெட்டிய இரும்பைக் களிமண் குகையில் இடுவார்கள். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு, உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சிராய்களாக்கிச் சேர்ப்பார்கள். அதன்மேல் ஓரிரண்டு பச்சை எருக்கிலைகளை மூடி, குகையின் வாயைப் பிசைந்த களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். இவ்வாறு அமைத்த குகைகள் இருபது இருபத்துநான்கை உலையில் அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். காற்றுப் புகாத குகைக்குள் ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் கரியாகி, அக்கரி இரும்பினுள் ஊறும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கரி ஏறிய உருக்குக் கட்டி குகையின் அடியில் உறைந்து கிடக்கும். வேலியோரத்து ஆவாரையும் எருக்கும் வாளாக மாறிய விந்தை இது!

1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் ராயல் சொசைட்டியில் இவ்வுருக்கைப் பற்றிக் கட்டுரை படித்தார். 1819இல் மைக்கேல் பாரடே இதனை ஆராய்ந்து, அலுமினியமும் சிலிக்கனும் சிறிது கலந்திருப்பதே இதன் சிறப்புக்குக் காரணம் எனக் கருதினார். பாரடே போன்ற பேரறிஞரும் இங்கே வழி தவறினார். கரியின் அளவும், அக்கரி இரும்பினுள் எவ்வாறு அடுக்குற்று நின்றது என்பதுமே உண்மைக் காரணம்.

அடுக்கு என்றேன். கரியின் கதை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். அடுப்புக்கரியும், பென்சிலில் உள்ள கிராபைட்டும், வைரமும் கரியணுக்களால் ஆனவையே. கிராபைட்டில் அணுக்கள் அறுகோணக் கண்ணிகளாய்ப் பின்னி, தாள் தாளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு தாளுக்குள் பிணைப்பு மிகவும் வலியது. தாளுக்கும் தாளுக்கும் இடையே அது மிகவும் நொய்யது. அதனால்தான் பென்சில் முனை காகிதத்தில் எளிதாக உரிந்து கோடாகிறது. வலிய தாள்களை நொய்ய முறையில் அடுக்கிய பொருள் அது. அந்தத் தாளின் வலிமையை முழுமையாகக் கைப்பற்றும் வழி யாது? பல்லுறுப்பிகளை வலுப்படுத்த முயன்றோர் கரியை நாடியது, ஒரு வகையில், இவ்வினாவின் விடையை நாடியதேயாகும்.

முதல் விடை மிகவும் எளியது. டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று எண்ணியதுண்டா? 1904ஆம் ஆண்டளவில், இலண்டனை அடுத்த சில்வர்டவுனில், ரப்பரில் புகைக்கரியைக் கலந்தால் அது பன்மடங்கு உழைக்கும் என்பது கண்டறியப்பட்டது. ஓசூரில் ஓடும் ஒவ்வொரு லாரியின் சக்கரமும் அன்று தொடங்கிய கலவையின் வழித்தோன்றலே. ஆனால் புகைக்கரித் துகள் ஏறத்தாழ உருண்டையானது. உருண்டைக்குத் தலை ஏது, வால் ஏது? அதற்குத் திசை இல்லை. எனவே ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் வலிமையைக் குவிக்க அதனால் இயலாது.

திசை என்பதன் பயனைக் கயிறு திரிப்பவர் நன்கு அறிவார். தென்னை நாரை ஒரு குவியலாக அள்ளி இழுத்தால் அது பிய்ந்து வரும். அதே நாரை ஒரு முகமாக நீட்டித் திரித்தால் கிணற்றிலிருந்து கவலை இழுக்கும். நாரின் அளவு ஒன்றே. அது கிடக்கும் கிடை வேறு. 1958இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் கரியிழைகளைச் செய்தார். 1960களில் ஜப்பானியரும் இங்கிலாந்தின் பார்ன்பரோ ஆய்வாளரும் செயற்கை இழையைக் கருக்கிக் கரியிழை செய்யும் முறையை வளர்த்தனர். பார்ன்பரோவின் உத்தி கயிறு திரிப்பவரின் உத்திக்கு உறவானது. இழையைச் சூடேற்றும்போது அது சுருங்க முயலும். அவ்வாறு சுருங்கவிடாமல் விறைப்பாகப் பிடித்துக்கொண்டால், உள்ளிருக்கும் மூலக்கூறுகள் இழையின் நெடுக்கிலேயே நிலைபெறும்.

இவ்விழைகளைப் பரப்பிப் பிசின் ஊட்டி, தகடு தகடாக ஒட்டிச் செய்யும் கலப்புப் பொருள், ஓசூருக்கு அண்டையிலுள்ள பெங்களூரில் விமானத்தின் உடலாகவே ஆயிற்று. அங்கே உருவாகி 2001 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் இறக்கைகள் இத்தகையவை. எனினும் இதிலும் ஒரு குறை உண்டு. தகட்டுக்குள் வலிமை, தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே வெறும் பிசின். அடிபட்டால் அந்த இடத்தில் அடுக்குப் பிரியும். கிராபைட்டின் பழைய நோய் வேறு உருவில் திரும்பி வந்ததைக் கவனியுங்கள். இந்நோய்க்கு மருந்து தேடிய கதைக்குப் பிறகு வருவோம்.

1991இல் ஜப்பான் நாட்டின் சுகுபா நகரில், என்.இ.சி. ஆய்வுக்கூடத்தில் சுமியோ இஜிமா என்பவர் மின்னணு நுண்ணோக்கியில் புதுமை ஒன்றைக் கண்டார். கரிமின்வாயில் படிந்திருந்த பொருளில் ஊசி போன்ற நுண்குழாய்கள் கிடந்தன. கிராபைட்டுத் தாளைப் பாய்போலச் சுருட்டினால் எப்படியோ, அப்படி. ஆனால் சுருட்டிய பாய்க்கு ஓரம் உண்டு. இக்குழாய்க்கு ஓரமே இல்லை. அணுக்கள் வளைந்து சென்று தம்மோடு தாமே பின்னிக்கொண்டிருந்தன. ஒன்றனுள் ஒன்றாகப் பல குழாய்கள் செருகியும் இருந்தன. (1952இலேயே சோவியத்து அறிஞர் இருவர் இத்தகைய குழாய்களின் படத்தை வெளியிட்டிருந்தனர். உருசிய மொழியில் வந்தமையால் உலகம் அதனைப் பெரிதும் கவனிக்கவில்லை. ஒரு மொழிக்குள் தங்கிவிட்ட அறிவுக்கு நேரும் கதி இது.)

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இக்குழாய்களின் குறுக்களவு ஒன்று முதல் சில பத்து நானோமீட்டர். நம் தலைமயிர் இதற்கு ஆயிரக்கணக்கான மடங்கு பருமன். வளைக்கவும் நீட்டவும் முயலும்போது எதிர்த்து நிற்கும் விறைப்பில், இது உருக்கைப் போல் ஐந்து மடங்கு. சாதாரண எபாக்சிப் பிசினைப் போல் சில நூறு மடங்கு. 2000இல் அமெரிக்க ஆய்வாளர் தனித்தனிக் குழாய்களை இழுத்து அறுத்துப் பார்த்தபோது, அவற்றின் புற அடுக்கு 11 முதல் 63 ஜிகாபாஸ்கல் வரை தாங்கிற்று. நல்ல உருக்குக் கம்பிகள் இரண்டு மூன்று ஜிகாபாஸ்கலில் அறுந்துவிடும்.

இத்துணை வலிய குழாயைப் பிசினில் கலந்துவிட்டால் போதாதா? போதாது என்பதை வரலாறு காட்டிற்று. இங்கேதான் நம் நாட்டவர் ஒருவர் கதைக்குள் வருகிறார்.

புலிக்கேல் அஜயன் கேரளத்துக் கொடுங்கல்லூரில் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1985இல் உலோகவியலில் பட்டம் பெற்றார். இரும்பையும் உருக்கையும் பயின்று வந்தவர்தாம் கரிக்குழாய்க்குள் புகுந்தார் என்பது எனக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தி. அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்றபின் என்.இ.சி. ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். 1992இல் அவரும் தாமஸ் எப்சனும் கரிக்குழாய்களைக் கிராம் கணக்கில் செய்யும் வழியைக் கண்டனர். அதுவரை நுண்ணோக்கியில் மட்டும் கண்ட பொருள், அதன்பின் கையில் அள்ளி ஆராயத்தக்க பொருளாயிற்று.

1994இல் அஜயன் பிரெஞ்சு ஆய்வாளருடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார். குழாய்களைப் பிசினில் கலந்து இறுகவிட்டார்கள். குழாய்கள் நாற்புறமும் தாறுமாறாகக் கிடந்தன. இறுகிய கட்டியை நுண்கத்தியால் 50 முதல் 200 நானோமீட்டர் கனமுள்ள மெல்லிய சீவல்களாக அரிந்தார்கள். அச்சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், தாறுமாறாகக் கிடந்த குழாய்கள் நிமிர்ந்து, ஒரே திசையில், அறுவடை வயலில் காற்றுக்குச் சாய்ந்த கதிர்போல் வரிசையாகக் கிடந்தன! கத்தி செல்லும்போது பிசின் நெகிழ்ந்து நகர்ந்தது. அந்த நகர்ச்சி குழாய்களையும் தன் போக்கில் இழுத்து நிமிர்த்திவிட்டது. மேலும் ஒரு வியப்பு: கத்திபட்டும் குழாய்கள் அறுபடவில்லை. அவற்றின் உறுதிக்கு இதுவே தொடக்கச் சான்றுகளுள் ஒன்றாயிற்று. மூன்று பக்கங்களில் அடங்கிய அக்கட்டுரை 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. பல்லுறுப்பிக்குள் கரிக்குழாய்களைத் திசைப்படுத்தும் ஆய்வுக்கு அதனைத் தோற்றுவாய் எனலாம்.

திசைப்படுத்துவதால் வரும் ஊதியம் எவ்வளவு? கணக்கு ஒன்று சொல்கிறேன். எல்லா இழைகளும் நாம் இழுக்கும் திசையிலேயே கிடந்தால், அவை தரும் விறைப்பை ஒரு பங்கு என்று கொள்வோம். அதே இழைகள் ஒரு தளத்தில் தாறுமாறாகக் கிடந்தால் எட்டில் மூன்று பங்கே கிட்டும். முப்புறமும் சிதறிக் கிடந்தால் ஐந்தில் ஒரு பங்குதான். ஆக, சிதறவிட்டவன் ஐந்து பங்கு இழைக்கு விலை கொடுத்து ஒரு பங்கின் பயனையே பெறுகிறான். அதற்கு ஈடாக எத்திசையில் இழுத்தாலும் அச்சிறு பயன் கிட்டும் என்பது உண்மையே. ஆனால் விமான இறக்கையும் தறிக்கயிறும் எத்திசையில் இழுபடும் என்பது நமக்கு முன்பே தெரியும் அல்லவா?

வேறு இடர்களும் இருந்தன. குழாய்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கற்றையாகத் திரளும். களி கிண்டும்போது மாவு கட்டி தட்டுவதைப்போல. கட்டி தட்டிய இடம் வலிமைக்கு மாறாகப் பிளவுக்கு இடமாகும். அன்றியும், குழாயின் மேனி வழவழப்பானது. பிசின் அதனை எளிதில் பற்றுவதில்லை. 1998இல் அஜயனும் அவர் உடன் உழைத்தோரும் ஒரு கசப்பான உண்மையை அறிவித்தனர். கலப்புப் பொருளை இழுக்கும்போது சுமை வெளிக்குழாயோடு நின்றுவிடுகிறது. உள்ளே செருகியுள்ள குழாய்கள், உறையிலிருந்து வாள் நழுவுவதுபோல், சுமை ஏற்காமல் நழுவுகின்றன. தாம் வளர்த்த பொருளின் குறையைத் தாமே அளந்து அச்சிட்ட அந்த நேர்மையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதலில் எழுந்த பெரு நம்பிக்கை அதனால் ஓரளவு தணிந்தது, ஆய்வு நெறிப்பட்டது.

பின்னர்க் குழாய்களைத் திசைப்படுத்தப் பல வழிகள் தோன்றின. அவ்வாண்டிலேயே, குழாய் கலந்த பல்லுறுப்பிப் படலத்தைச் சூட்டில் இழுத்து நீட்டிக் குழாய்களை ஒருமுகப்படுத்தினர். மின்புலமும் காந்தப்புலமும் கொண்டு முயன்றோரும் உண்டு. இவற்றினும் நல்ல வழி, தாறுமாறாகக் கலந்தபின் நிமிர்த்துவதை விட்டு, முளைக்கும்போதே நிமிர்ந்து முளைக்கச் செய்வது. தட்டின்மேல் இரும்பு முதலிய உலோக நுண்துகள்களைத் தூவி, சூட்டில் கரிவாயுவைச் செலுத்தினால், நாற்றங்கால்போல் நெருக்கமாகக் குழாய்கள் செங்குத்தாக எழும். இங்கும் கரிக்குழாயை ஈன்றெடுப்பது இரும்புத் துகள் என்பதை நினைவில் வையுங்கள். கதையின் முடிவில் அது பயன்படும்.

2002இல் பெய்ஜிங் சிங்குவா பல்கலைக்கழகத்தார் இத்தகைய நாற்றங்காலின் ஓரத்தைப் பற்றி இழுத்தபோது, குழாய்கள் ஒன்றன் வாலை ஒன்று பற்றிக்கொண்டு தொடர்ச்சியான நூலாக வந்தன. முப்பது சென்டிமீட்டர் நீள நூல்! ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மாணவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பட்டுக்கூட்டிலிருந்து இழை உருவுவதை அவர்கள் வீட்டருகிலேயே கண்டிருப்பர்.

விமானத் தகடுகள் அடுக்குப் பிரியும் நோயைச் சொன்னேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிரையன் வார்டலும் அவர் குழுவினரும் அதற்கு ஒரு மருந்து கண்டனர். இரு கரியிழைத் தகடுகளுக்கு இடையில் இந்த நாற்றங்காலை நிமிர்ந்தபடியே வைத்துப் பிசினோடு சேர்த்து இறுக்கினர். கோடிக்கணக்கான ஊசிகள் மேலுங்கீழும் குத்தித் தைத்தாற்போலத் தகடுகள் பிணைந்தன. 2008இல் அவர்கள் வெளியிட்ட அளவுகளின்படி, தகடுகளைப் பிளந்து திறப்பதற்கு எதிரான உறுதி ஒன்றரை முதல் இரண்டரை மடங்காகவும், ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதற்கு எதிரான உறுதி மூன்று மடங்காகவும் உயர்ந்தன. குழாய்களின் அளவு மிகச் சொற்பம். அவை நின்ற திசையே இவ்வேலையைச் செய்தது.

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த வினாவுக்கு வருவோம்.

2006 நவம்பரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பீட்டர் பாப்லரும் அவர் குழுவினரும் 'நேச்சர்' இதழில் ஒரு செய்தி வெளியிட்டனர். 17ஆம் நூற்றாண்டில் அசதுல்லா என்ற கொல்லர் செய்த தமாஸ்கஸ் வாள் ஒன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருந்தது. அவ்வகை வாள்கள் இந்திய உருக்குக் கட்டியிலிருந்து அடிக்கப்பட்டவை என்பது பொதுவான கருத்து. அவ்வாளின் சிறு துண்டை அமிலத்தில் கரைத்தபோது, எஞ்சிய பொருளில் கரி நுண்குழாய்களும், அவற்றுள் அடைபட்ட இரும்புக் கரிமக் கம்பிகளும் தென்பட்டன என்றனர். குகையில் இட்ட மரமும் இலையும் தந்த கரி, தாதுவோடு வந்த சிறு உலோகக் கலப்புகளின் துணையால் குழாயாக வளர்ந்திருக்கலாம் என்பது அவர் விளக்கம். இரும்புத் துகள் குழாயை ஈனும் என முன்பு சொன்னதால், இவ்விளக்கம் நடவாதது என்று தள்ளத்தக்கதன்று.

ஆயினும் எல்லா அறிஞரும் இதனை ஒப்பவில்லை. தமாஸ்கஸ் உருக்கைப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்கர் ஜான் வெர்ஹோவன், இரும்புக் கரிமமே கம்பி வடிவில் இருப்பதுண்டு என்றும், குழாய் எனக் கண்டது அதுவாகவும் இருக்கலாம் என்றும் ஐயுற்றார். வாளின் மேனியில் நீரலைபோல் தோன்றும் வரிகளுக்கு அவர் காட்டிய காரணம் வேறு. தாதுவில் மிகச் சிறிதளவு கலந்திருந்த வனேடியம் போன்ற உலோகங்கள், காய்ச்சிக் காய்ச்சி அடிக்கும்போது இரும்புக் கரிமத் துகள்களை வரிசை வரிசையாக நிற்கச் செய்தன என்பது அவர் கூற்று. வரிசை! குழாய் இருந்ததோ இல்லையோ, கரி அங்கே வரிசைப்பட்டு நின்றதில் ஐயமில்லை.

எனவே நம் முன்னோர் நானோ நுட்பம் அறிந்திருந்தனர் என்பது என் கருத்தில் மிகைக்கூற்று. அக்குழாய்கள் உண்மையாகவே இருந்தனவென்று கொண்டாலும், வாளின் வலிமைக்கு அவைதாம் காரணம் என்று எவரும் இதுவரை நிறுவவில்லை. அக்கொல்லர் அறிந்தவை வேறு: எந்த மலையின் தாது, எத்தனை பங்கு ஆவாரங்கட்டை, எவ்வளவு நேரம் துருத்தி, குகையை எப்போது ஆறவிடுவது. அது கையறிவு, செம்மையான அறிவு. அதனைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. அணுநுண்ணோக்கியின் மொழியில் அலங்கரிக்கவும் வேண்டியதில்லை.

மலிவான ஆங்கில உருக்கு வந்து குவிந்தது. கரிக்கு விறகு அரிதாயிற்று. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் குகை உருக்குத் தொழில் தென்னாட்டில் பெரும்பாலும் அவிந்துவிட்டது. பிற்காலத்தில் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் போன்றோர் மேல்சிறுவளூர் முதலிய ஊர்களில் கசடுக் குவியல்களையும் உடைந்த குகை ஓடுகளையும் பொறுக்கி, அவற்றின் உட்சுவரில் ஒட்டிய உருக்குத் துளிகளைக் கொண்டு அக்கலையை மீட்டறிய வேண்டியதாயிற்று. பெர்ன் வாளில் அதனை அடித்தவர் பெயர் உள்ளது. சேலம் மாவட்டத்தில் குகைகளை அடுக்கித் துருத்தி ஊதியவர்களோ பெயரின்றிப் போயினர். அஜயனின் சீவல் முறையை மூன்று பக்கக் கட்டுரையைக் கொண்டு எந்நாட்டு மாணவரும் மீண்டும் செய்து பார்க்கலாம். உலையருகே நின்றவர்களின் முறையில் நமக்கு எஞ்சியிருப்பது, வேற்று நாட்டான் ஒருவன் குறித்து வைத்த பத்தில் ஒரு பங்கு ஆவாரங்கட்டையும், இரண்டு எருக்கிலையும், இரண்டரை மணி நேரமும்தாம்.